இறுகிய தோளும் மயக்கத் துயிலும்

மக்கள் உடம்பிலுள்ள மூட்டுக்களுள் தோள்மூட்டுப்போல் எத்திசையும் இயங்கவல்லது பிறிதொன்றில்லை. மேலே தூக்கவும், பின்னே வளைக்கவும், சுழற்றவும் அஃது இடந்தருதலாலன்றோ கை கையாகின்றது? 'தோள் கொடுத்தான்' என்றும் 'தோளிற் போட்டு வளர்த்தான்' என்றும் நம் மக்கள் வழங்கும் வழக்குக்களை நோக்கின், உதவிக்கும் அன்புக்கும் அவ்வுறுப்பையே அவர்கள் இருப்பிடமாகக் கருதினரென்பது விளங்கும். அத்தகைய தோள், அடிபடாமலும் முறியாமலும், காரணமொன்றும் புலப்படாமலே சில திங்களில் இறுகிப் பூட்டிக்கொள்ளும் நோயொன்று உண்டு. அந்நோய்க்குச் செய்யப்படும் சிகிச்சைகளுள் ஒன்றனைப்பற்றி எமக்குள்ள கருத்தை இம்மலரில் எழுதத் துணிந்தோம். மருத்துவம் பயிலாத தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பகுதித் தோழர்கள் நகைப்பர். நகைக்கட்டும். எமது வழக்குப் பெரும்பாலும் சொற்களைப் பற்றியதே; ஆதலின் அஃது எம் பாடத்துக்கு அயலன்று.

இந்நோய் பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டோரைப் பற்றுவது. ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக இதற்கு ஆளாவர். நீரிழிவுடையோர்க்கு மற்றையோரினும் பன்மடங்கு எளிதில் வரும். நீரிழிவு வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட நம் நாட்டில் இஃது எவரோ அயலாரைப் பற்றிய செய்தியன்று. முதலிற் சில திங்கள் வலியே தலைமையாக நிற்கும். இரவில் அப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல் ஒண்ணாது. பின்னர் வலி சிறிது தணிய, இறுக்கம் முதிரும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் சிறு செயலும் இயலாதொழியும். நோயாளர் தாமே முயன்றாலும் கை எழாது. பிறர் பற்றித் தூக்கினாலும் எழாது. இப்பிற்கூறியதே இந்நோயின் அடையாளம். தசைநார் அறுந்த தோளாயின், தானே எழாவிடினும் பிறர் தூக்க எழும். எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தாலோ எலும்புகள் பழுதின்றித் தோன்றும். 'படத்தில் ஒன்றுமில்லை' என்று கேட்டு வீடு திரும்பியவர், தம் வலியை வீட்டாரும் நம்பாரோ என்று வேறு வருந்துவர். மூன்றாவதாக, இறுக்கம் மெல்ல நெகிழும் காலம் வரும். இவை மூன்றும் கழிய ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம்.

இந்நோய்க்கு அறிஞர் இட்ட பெயர்களைச் சிறிது ஆராய்வோம். 1872இல் பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் டூப்ளே, தோள்மூட்டைச் சூழ்ந்த பகுதிகளின் அழற்சி என்னும் பொருள்படப் பெயரிட்டு இதனை விளக்கினார். அமெரிக்காவிற் பாஸ்டன் நகரத்துக் காட்மன் என்பார், தோளைப்பற்றி 1934இல் வெளியிட்ட பெருநூலில் 'உறைந்த தோள்' என்றார். உலகெங்கும் பரவியது அப்பெயரே. 1945இல் நெவியாசர் என்பார், மூட்டைச் சூழ்ந்த உறை எலும்போடு ஒட்டிக்கொள்கின்றது எனக் கருதி, 'ஒட்டும் உறையழற்சி' என்று பொருள்படும் பெயரைத் தந்தார். ஜப்பானியரோ ஆராய்ச்சியில் இறங்காமல் 'ஐம்பது வயதுத் தோள்' என்று சொல்லி அமைகின்றனர். இவற்றுள் எமக்குப் பிடித்தது இதுவே. அறியாததை அறிந்ததுபோல் அது காட்டிக்கொள்ளவில்லை.

மற்றைப் பெயர்கள் நோயாளர் மனத்தில் எழுப்பும் காட்சி யாது? 'உறைந்தது' என்றவுடன் பனிக்கட்டி நினைவுக்கு வரும். பனிக்கட்டியாயின் வெயிலிற் கிடந்தால் தானே உருகுமன்றோ? ஆகவே ஒத்தடமும் தைலமும் போதுமென்னும் எண்ணம் பிறக்கும். 'ஒட்டியது' என்றால் பசை நினைவுக்கு வரும். ஒட்டியதைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. மூட்டினுள் நுண்குழாய் செலுத்தி நேரிற் பார்க்கும் முறை வந்தபின்னர், உருகற்குரிய உறைவும் அங்கில்லை, பிரித்தற்குரிய ஒட்டும் பெரும்பாலும் இல்லை என்பது தெளிவாயிற்று. எலும்பின் தலையைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறை தடித்துச் சுருங்கிவிடுகின்றது. உள்ளங்கையில் நார் தடித்து விரல்களை மடக்கிவிடும் டூப்யூட்ரன் நோயிற் காணும் மாறுதல்களை ஒத்தனவே இவ்வுறையிலும் உளவென்று 1995இல் இங்கிலாந்து மருத்துவர் எடுத்துக்காட்டினர். நலமுள்ள தோளின் உறையில் 20 மில்லிலிட்டருக்கு மேலும் நீர் செலுத்தலாம். இறுகிய தோளோ பெரும்பாலும் 10 மில்லிலிட்டரும் கொள்ளாது. துவைத்துச் சுருங்கிய சட்டை அக்குளில் இறுகிக் கையைத் தூக்கவொட்டாமற் செய்வதுபோல் என்க. தமிழில் 'உறை' என்னுஞ் சொல் பெயராய் நின்று மூடியிருப்பதனைக் குறிக்கும். வினையாய் நின்று இறுகுதலைக் குறிக்கும். 'உறை சுருங்கிய தோள்' என்று நாம் வழங்கினால் உண்மையும் நிற்கும். கேட்போர் செவிக்கும் புதுமையாயிராது.

இனி, யாம் பேசப் புகுந்த சிகிச்சைக்கு வருவோம். நோயாளரை மயக்க மருந்தினாலே துயிலச் செய்கின்றனர். தசைகள் தளர்ந்தபின், மருத்துவர் ஒரு கையால் தோட்பட்டை எலும்பை அசையாது பற்றிக்கொண்டு, மற்றொரு கையால் மேற்கையை அக்குளுக்கு அருகிற் பிடித்து, மேலே உயர்த்துவர், பக்கவாட்டில் விரிப்பர், வெளிப்புறமும் உட்புறமும் திருப்புவர். முன்கையையோ மணிக்கட்டையோ பற்றித் திருப்பலாகாது; நீண்ட நெம்புகோல்போல் அது வேலை செய்து மேற்கை எலும்பை முறித்துவிடும். உறை கிழியும் ஓசை அறையிலிருப்போர் செவிக்குக் கேட்கும். அவ்வோசையே செயல் பலித்ததன் அறிகுறி. இவையெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசியும் போடுவர். கழுத்தருகே நரம்பை மரக்கச்செய்யும் ஊசி போட்டிருந்தால், விழித்தபின் சில மணி நேரம் வலி தோன்றாது. அன்றே, அல்லது மறுநாளே, பயிற்சி தொடங்கவேண்டும். கிழிந்த உறை மீண்டும் சுருங்கி ஆறிவிடாதபடி வாரக்கணக்கில் அதனை நீட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

'கிழித்தல்' என்று யாம் எழுதுவது மிகைப்படுத்திக் கூறியதன்று. 2005இல் ஜெர்மானிய மருத்துவர்கள் 30 நோயாளர்க்கு இச்சிகிச்சையைச் செய்து, உடனே மூட்டினுள் நுண்குழாய் செலுத்திப் பார்த்து எழுதினர். உறை கிழிந்திருந்தது, அஃது எதிர்பார்த்ததே. சிலருக்கு அதனோடு மூட்டின் விளிம்புக் குருத்தெலும்பும் தசைநாரும் சிறிது சிதைந்திருந்தன. எலும்பு முறிதல், மூட்டு நழுவுதல், நரம்பு இழுபடுதல் ஆகிய தீங்குகளும் அரிதாய் நேர்வதுண்டு. கத்தியின்றிச் செய்வதாயினும் இதுவும் ஒருவகை அறுவையே.

இங்கே எம் குடும்பத்து நிகழ்ச்சியொன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். எம் பெரியம்மாவுக்கு வயது 54, நீரிழிவுடையவர். ஓராண்டுக்கு மேலாக வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கவியலாமல், கூந்தலை முடிக்க அண்டை வீட்டுப் பெண்ணை எதிர்பார்த்து நின்றவர். சேலை முந்தானையைத் தோளில் இடுவதற்கும் இடக்கையையே நம்பினார். ஊசியும் பயிற்சியும் பயன்தராமையால், ஒரு மருத்துவமனையில் மயக்கச் சிகிச்சைக்கு நாள் குறித்தனர். "பயப்படாதீர்கள் அம்மா, மயக்கம் கொடுத்துக் கையைக் கொஞ்சம் அசைத்துவிடுவோம், அவ்வளவுதான்" என்று அங்கே சொன்னார்கள். அன்பாகவே சொன்னார்கள், அதில் ஐயமில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றில் அவர் கையெழுத்திட்டார். விழித்தெழுந்த அன்றிரவு மரப்பு நீங்கியதும், அக்குளும் மேற்கையும் கன்றிக் கருத்திருக்கக் கண்டார், வலியோ பெருவலி. 'கொஞ்சம் அசைத்ததற்கு' இவ்வளவு வலியா? ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, அதனை நம்மிடம் மறைக்கின்றனர் என்று அவர் முடிவு செய்துகொண்டார். கையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று பத்து நாள் வீட்டிலிருந்துவிட்டார். அந்தப் பத்து நாளில், கிடைத்த அசைவிற் பாதி மீண்டும் போயிற்று. சிகிச்சையிற் பிழையொன்றும் இல்லை. பிழை, 'அசைத்தல்' என்ற சொல்லில் இருந்தது.

துயிலும் ஒருவரின் உடம்பைப் பிறர் வலிந்து வளைக்கும் இச்செயல் மருத்துவத்துள் இடம்பெற்ற வரலாறும் சிந்திக்கத்தக்கது. அதனை அறிய இங்கிலாந்து நாட்டை நோக்கவேண்டும். நம் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர் இருப்பதுபோல், அங்கும் கல்லூரியிற் பயிலாத எலும்பு பொருத்துவோர் பரம்பரையாக இருந்தனர். பட்டம் பெற்ற மருத்துவர் அவர்களை இகழ்ந்தனர். மக்களோ அவர்களையே நாடினர். 1867இல் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், இவர்கள் குணப்படுத்தும் நோய்கள் உண்டென்றும், அவர்களிடம் கொள்ளத்தக்கதைக் கொள்ளவேண்டுமென்றும் தம் மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்தினார். அடுத்து வார்ட்டன் ஹூட் என்னும் மருத்துவர், ஹட்டன் என்னும் எலும்பு பொருத்துவோரிடம் நேரிற் கற்ற முறைகளை 1871இல் வெளியிட்டார். ஈதர் 1846இலும் குளோரோபாரம் 1847இலும் பயனுக்கு வந்துவிட்டமையால், வலியின்றி வளைத்தலும் இயல்வதாயிற்று. முன்னே கூறிய டூப்ளே, மயக்கத்தில் வளைத்துப் பின்னர்ப் பயிற்சி செய்விப்பதையே தம் சிகிச்சையாகக் கூறினார். ஆகவே இம்முறைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வயதாகின்றது.

ஆயினும் இகழ்ச்சி எளிதில் நீங்கவில்லை. ஹெர்பர்ட் பார்க்கர் என்னும் எலும்பு பொருத்துவோர் லண்டன் மாநகரில் பெரும்புகழ் பெற்றிருந்தார். பட்டம் பெறாத அவருடைய நோயாளர்க்கு மயக்க மருந்து கொடுத்துதவிய குற்றத்துக்காக, ஆக்ஸம் என்னும் மருத்துவரின் பெயரை 1911இல் மருத்துவர் பதிவேட்டினின்றும் நீக்கினர். 1922இல் பார்க்கருக்கு அரசாங்கம் 'ஸர்' பட்டம் அளித்தது. ஆக்ஸமின் பெயரோ, 1926இல் அவர் இறக்கும்வரையிலும் பதிவேட்டில் மீண்டும் ஏறவில்லை. கையை வளைத்தவர்க்குப் பட்டம், நோயாளரின் வலியை நீக்கியவர்க்குத் தண்டனை! பதிவேடு பொதுமக்களைக் காக்கவே ஏற்பட்டதென்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நாளைய வழக்கு முழுதும் 'யார் செய்யலாம்' என்பதைப் பற்றியே நிகழ்ந்தது; 'துயிலப்போகின்றவர்க்கு என்ன சொல்லவேண்டும்' என்பது இரண்டாம் இடத்திற்கூட இல்லை. அக்குறை இன்றும் முற்றும் தீர்ந்ததென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

சொல்லவேண்டுவன யாவை? அவற்றைத் தருவது இங்கிலாந்து முதலிய பகுதிகளடங்கிய ஐக்கிய இராச்சியத்தில் நடந்து 2020இல் லான்செட் இதழில் வெளிவந்த பேராராய்ச்சியொன்று. 35 மருத்துவமனைகளில் 503 நோயாளரை மூவகையாகப் பிரித்தனர். 201 பேருக்கு மயக்கத்தில் வளைக்கும் சிகிச்சை. 203 பேருக்கு நுண்குழாய் வழியே உறையை அறுக்கும் சிகிச்சை. 99 பேருக்கு மயக்கமின்றி, மூட்டில் ஸ்டீராய்டு ஊசியும் 12 வாரங்களில் 12 முறை வரையில் பிஸியோதெரபி என்னும் இயன்முறைப் பயிற்சியும். ஓராண்டு கழித்து, 48 புள்ளிகள் கொண்ட அளவையால் தோளின் நிலையை மதிப்பிட்டனர். வளைத்தோர்க்குச் சராசரி 38.3; அறுத்தோர்க்கு 40.3, பயிற்சி மட்டும் பெற்றோர்க்கு 37.2. இவ்வேற்றுமை நோயாளர் வாழ்வில் உணரத்தக்க அளவினதன்று என்பது ஆராய்ந்தோர் முடிபு. தீவிரமான தீங்குகள் பத்து நேர்ந்தன. அவற்றுள் எட்டு அறுத்தோர்க்கு, இரண்டு வளைத்தோர்க்கு. செலவையும் பயனையும் சேர்த்து நோக்குமிடத்து அந்நாட்டு நிலைமையில் வளைத்தலே முன்னின்றது.

'ஓராண்டின் முடிவில் எல்லாம் ஒன்றேயெனின், மயக்கமும் கிழித்தலும் எற்றுக்கு? சும்மா இருந்தாலே தீரும் நோயன்றோ?' என்று வினவுவாருளர். எம் உறவினருள்ளும் அவ்வாறு கூறினோர் பலர்; கூறியவர் அனைவரும் ஆடவர் என்பதனையும் குறித்துவைக்கின்றோம். காட்மன்கூட இந்நோய் நெடுநாளாயினும் தானே தீருமென்றே கருதினார். ஆயினும், பல ஆண்டு கழித்து நோயாளரைத் தேடிப் பார்த்த பின்னாளைய மருத்துவர், சிலருக்கு வலியும் இறுக்கமும் ஓரளவு எஞ்சி நிற்றலைக் கண்டனர். தீர்ந்தே விடுவதாகக் கொண்டாலும், இரண்டாண்டு என்பது எவர் கணக்கில் இரண்டாண்டு? தறி நெய்பவர்க்கும், கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்க்கும், பேருந்தின் மேற்கம்பியைப் பற்றி நின்று வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அஃது ஊதியம் இழக்கும் காலம். உறக்கம் இழக்கும் காலம். காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே; அதற்கும் விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துவோர் நோயாளரேயாதலின், காத்திருக்கலாமா என்று தீர்ப்பளிக்கவேண்டுவோரும் அவரே.

ஆகவே எம் கருத்து வருமாறு. ஊசியும் பயிற்சியும் முதலில் செய்துபார்க்கத் தக்கன. வலி மிகுந்து நிற்கும் தொடக்கத்தில் வளைக்க விரைதல் வேண்டா. சில திங்கள் ஒழுங்காகப் பயின்றும் கை எழாதவர்க்கு, வளைக்கும் சிகிச்சையை முரட்டு வைத்தியம் என்று ஒதுக்குதல் நேர்மையன்று. அதனை ஒரே நாளில் நோய் தீர்க்கும் அற்புதம் என்று புகழ்தலும் நேர்மையன்று. மருத்துவர் திறப்பது கதவு. உள்ளே நடந்து செல்லவேண்டியவர் நோயாளரே. நீரிழிவுடையோர்க்கு மீண்டும் இறுகுதல் மற்றையோரினும் மிகுதி என்பதையும், ஸ்டீராய்டு ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்னரே சொல்லிவிடவேண்டும். இவையெல்லாம் துயிலுமுன் சொல்லவேண்டியவை. விழித்திருக்கையிற் செய்யும் சிகிச்சையாயின், 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்ல நோயாளர்க்கு வாய் இருக்கின்றது. துயிலில் அவ்வாயை மூடிவிடுகின்றோம். மூடப்போகும் வாய்க்கு முன்னமே கேள்வி கேட்க நேரம் கொடுத்தல் கடனன்றோ?

'உண்மையைச் சொன்னால் அஞ்சி ஓடிவிடுவார்களே' என்பது மருத்துவர் கூற்று. எம் பெரியம்மாவை அச்சுறுத்தியது உண்மையன்று, எதிர்பாராத வலியே. பிள்ளைப்பேற்றின் நோவை அறிந்தே தாயராகும் நம் பெண்டிர், முன்னரே கேட்ட வலியைத் தாங்கமாட்டார் என்று கருதுதல் அவரை அறியாமையாகும்.

யாமும் எம் வகுப்புத் தோழர் இருவரும், பெரியம்மா கையெழுத்திட்ட அத்தாளைத் தமிழில் எழுதிப்பார்த்தோம். எழுதப் புகுந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அகராதி 'கையாளுதல்' என்றது, பணத்தையன்றோ கையாள்வர்? 'இயக்குதல்' என்றார் ஒருவர். அது பொறிக்கு ஆகும். ஈற்றில், 'நீங்கள் துயிலும்போது கையை வளைத்து, மூட்டின் சுருங்கிய உறையைக் கிழிப்போம். கிழியாமற் கை எழாது' என்று எழுதினோம். அடுத்து, 'விழித்தபின் சில நாள் வலிக்கும், கன்றிப் போகலாம், அது தவறு நேர்ந்ததன் அடையாளமன்று, வலித்தாலும் அன்றே பயிற்சி தொடங்கவேண்டும்' என்று சேர்த்தோம். விரல் மரத்தல், கை திடீரென வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் மட்டும் உடனே வந்து காட்டுக என்பதனையும் எழுதினோம்.

பெரியம்மா அதனை இருமுறை படித்தார். "இதை அன்றைக்கே என் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பத்து நாளும் எனக்குப் பாழாகியிராதே" என்றார். பிறகு பயிற்சிக்கு முறையாகச் சென்று, இப்பொழுது கூந்தலைத் தாமே முடிந்துகொள்கின்றார். முதுகுப்புறம் கை எட்டுவது மட்டும் இன்னும் கூடவில்லை. அவருக்குப் பயிற்சி அளித்த அம்மையாரிடமும் தாளைக் காட்டினோம். அவர் திருத்தியது ஒன்றே: எத்தனை நாள் வரவேண்டும், வந்துபோக என்ன செலவாகும் என்பதனை மேலே முதல் வரியிலேயே எழுதுங்கள் என்றார்.